நாஸரேனோவின் செலரி என் தோட்டத்தில் வளர்ந்த கதை

திரேவி மலையடி, வாய்க்கால் கரை
அக்டோபர் 27, 1981

அன்பு மகன் துல்லியோவுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் கோழிகளும் என் வலது முழங்காலும் சுகம், இடது முழங்கால் மட்டும் மழைக்கு முதல் நாளே முனக ஆரம்பித்துவிடுகிறது, ரேடியோக்காரனைவிட அது சரியாகச் சொல்வதால் நானும் மருந்து போடாமல் வைத்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் நீயும் நோரீனும் என் பேத்தியும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, எழுது. போன கடிதத்தில் மெல்பர்ன் வீட்டுக் கொல்லையில் செலரி போட்டதாகவும், தண்டெல்லாம் கயிறு மாதிரி நாராக, வாயில் வைத்தால் கசப்பாக இருப்பதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் கோழிகள் அன்றைக்கு முட்டையே இடவில்லை. செலரிக்காரி வயிற்றில் பிறந்தவனுக்கு இந்தக் கதியா! அதற்கு வைத்தியம் சொல்கிறேன், ஆனால் அதே செலரியால் இங்கே உன் அம்மாவுக்கு ஒன்று நேர்ந்திருக்கிறது. நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார், சாப்பிட்டுக்கொண்டு படிக்கிறாய் என்றால் முழுங்கிவிட்டுப் படி. உன் அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயதில் வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை அடுத்த தோட்டத்து நாஸரேனோ. ஆமாம், அதே நாஸரேனோதான். உன் சம்மதம் கேட்டுத்தான் எழுதுகிறேன், உன் பதில் வந்த பிறகுதான் என் பதில் என்று அவரிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன். கோபப்படாமல் மேலே படி, பாதியில் கிழித்துப் போட்டால் செலரி வைத்தியமும் போய்விடும்.

முதலில் உன் செடி. செலரி தாகம் பொறுக்காத ஜாதி, ஒரு வாரம் நீ தண்ணீர் மறந்தால் அது ஆயுசுக்கும் மறக்காது, அந்தக் கோபத்தைத்தான் நாராகக் காட்டுகிறது. அங்கே குழாய்த் தண்ணீர்தானே, காலையில் வேலைக்குப் போகும் முன் வேரில் விடு, தலையில் ஊற்றாதே. மேடான பாத்தியில் நட்டேன் என்று எழுதியிருந்தாய், என்ன கொடுமை இது, செலரியை யாராவது மேட்டில் நடுவார்களா? முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, அடியில் மக்கிய சாணி எருவைக் கொட்டி, அதற்குள் நட வேண்டும். செடி வளர வளரத் தண்டுகளைச் சேர்த்து வைக்கோலால் சுற்றிக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மண் அணைத்துக்கொண்டே வரவேண்டும், இலை மட்டும் வெளியே தெரிந்தால் போதும். வெயில் படாத தண்டுதான் வெளுக்கும், வெளுத்த தண்டுதான் இனிக்கும். நம் கருஞ்செலரி இருக்கிறதே, பச்சையாக விட்டால் கழுதைகூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், மண்ணுக்குள் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வந்தால் அதே செடியை எண்ணெயும் உப்பும் தொட்டுத் தின்னத் தின்ன ஆசை அடங்காது. விதையையும் சொல்லிவிடுகிறேன், மண்ணுக்கு மேலேயே தூவி ஈரச் சாக்கைப் போர்த்திவை, ஆழமாகப் புதைத்தால் அது முளைக்காது. நாங்கள் வழக்கம்போலப் பெரிய வெள்ளியன்று, கோயில் மணி ஓய்ந்திருக்கும்போது விதைத்தோம். உனக்கு அங்கே காலம் தலைகீழ் என்பதால் எந்தத் திருநாளில் விதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, நோரீனின் அம்மாவைக் கேள்.

இப்போது நாஸரேனோ. நீ மறந்திருக்கமாட்டாய், அவர் தொப்பியை அத்திமரத்திலிருந்து கவண் கல்லால் அடித்து விழவைத்தவன் நீ. உன் அப்பா கஸ்பாரேக்கும் அவருக்கும் அந்த ஒரு மடையால் வந்த சண்டை உனக்கே தெரியும், வாய்க்காலிலிருந்து முதல் தண்ணீர் யாருக்கு என்பதில் ஆரம்பித்து, ஒரே பூசையில் ஒரே வரிசையில் உட்கார மாட்டேன் என்பதில் போய் நின்றது. அப்பா இருக்கும்வரை வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் இருப்பதாகவே நான் காட்டிக்கொண்டதில்லை, அவரும் இந்தப் பக்கம் பார்த்ததில்லை. அப்பாவை அடக்கம் செய்த வாரம் எனக்குத் தண்ணீர் ஞாபகமே இல்லை, ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் நம் முறைக்கு மடை திறந்து கிடந்தது. யார் திறந்தது என்று நான் கேட்கவில்லை, திறந்தவரும் சொல்லவில்லை. ஒன்பது வருஷமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் கரைக் குடும்பங்களின் விதைக் கட்டுப்பாடும் உனக்குத் தெரியும், நோரீனுக்கு எடுத்துச் சொல், அவள் ஏதோ சூனியம் என்று நினைக்கப்போகிறாள். ஒவ்வொரு வீட்டுச் செலரிக்கும் ஒரு முகம் உண்டு. நம் வீட்டுச் செடி ஒல்லி, இலை கறுப்பு, கடித்தால் மிளகு மாதிரி தொண்டையில் ஏறும். நாஸரேனோ வீட்டுச் செடி தடிமன், அடித்தண்டில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு ஓடும், குருத்தில் வாதுமை வாசனை. விதையோ நாற்றோ காசுக்கும் கிடையாது, கைமாற்றும் கிடையாது, கல்யாணம் ஆனால்தான் ஒரு வீட்டு வாசலைத் தாண்டும். சந்தையில் என் பக்கத்தில் கடை போடும் பால்மீராவின் கொள்ளுத் தாத்தா பஞ்ச காலத்தில்கூட விதையைச் சும்மா கொடுக்காமல், பெண்ணைக் கட்டிக்கொடுத்து அவளோடுதான் அனுப்பினார் என்பார்கள். அந்தப் பெண்ணின் பேத்திதான் இவள் என்பதால் இவளுக்கு அதில் பெருமை வேறு.

ஜூன் மாதம் நாற்றைப் பள்ளத்தில் எடுத்து நட்ட கையோடு எனக்குக் கடைவாய்ப் பல் வலி கிளம்பிவிட்டது. ஃபொலினியோவுக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டேன், கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கியதால் அங்கேயே சித்தி வீட்டில் தங்கவேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்தபோது செடியெல்லாம் நட்ட மாதிரியே வரிசையாக நின்றது, ஒரு சுற்று பெருத்தும் இருந்தது. சித்தி வீட்டுச் சாப்பாட்டில் எனக்குக் கன்னம் வற்றியது, இங்கே செடிக்குச் சதை போட்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஜூலையில் களையெடுக்கும்போது பழுத்த இலை ஒன்றைக் கிள்ளி, பழக்கத்தில் விரலை மூக்கில் வைத்தேன். வாதுமை! எனக்கு வயசாகிவிட்டது, மூக்கும் போய்விட்டது என்று முதலில் பயந்தே போனேன். இன்னொன்றைக் கிள்ளினேன், அதுவும் வாதுமை. பிறகுதான் குனிந்து வேலியைப் பார்த்தேன், கீழ்க்கம்பு இரண்டு புதுசாக மாற்றியிருந்தது. பள்ளத்தோரம் மண்ணைக் கிளறினால் ஆட்டுப் புழுக்கை. இந்தக் கரையில் ஆடு வைத்திருப்பது நாஸரேனோ ஒருவர்தான், மார்க்கேசா என்று பேர் வைத்து மகாராணி மாதிரி வளர்க்கிறார். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தேன், அவர் பள்ளத்தில் பாதிக்குச் செலரியே இல்லை, அந்த இடத்தில் பீன்ஸ் கொடி ஏறியிருந்தது. கதை புரிந்துவிட்டது. அவர் ஆடு என் செடியை மொட்டையடித்திருக்கிறது, மனுஷர் நடுங்கிப்போய்த் தன் நாற்றைப் பிடுங்கி என் பள்ளத்தில் நட்டிருக்கிறார், கட்டுப்பாட்டை உடைத்து, எனக்குத் தெரியாமல். நல்லவேளை, போன வருஷம் விதைக்கு விட்டிருந்த நம் நாலு செடி கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்ததால் ஆட்டின் கண்ணில் படவில்லை, அப்பா வீட்டு விதை ஆகஸ்டில் ஒரு டப்பா நிறைய எடுத்துவைத்துவிட்டேன், அதற்காக நீ கவலைப்படாதே.

நியாயமாக நான் அன்றைக்கே போய் இடுப்பில் கைவைத்துச் சண்டை போட்டிருக்கவேண்டும். போடவில்லை. ஏன் என்று கேட்காதே. அவராக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன், அவர் வரவில்லை, ஆனால் விடிந்தால் வேலிக்கு மேலே அவர் தலை தெரியும், ஹாஸ்டலில் விட்ட பிள்ளையைப் பார்க்க வந்த தகப்பன் மாதிரி என் பள்ளத்தை எட்டி எட்டிப் பார்ப்பார். எனக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது. ஒரு நாள் வேண்டுமென்றே தண்ணீர் விடாமல் வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். நான் இன்னொரு கூடை உரித்தேன். இரண்டு இருமல். கூடை காலியாவதற்குள் மனுஷருக்குக் காசநோயே வந்துவிடும்போல இருந்தது. கடைசியில் பொறுக்கமுடியாமல், எத்தனை வருஷத்துக்கு அப்புறம் வாயைத் திறந்து, "வெயில் ஏறிடுச்சுங்க, செடி வாடுதே" என்றார். "என் செடி எனக்குத் தெரியுங்க" என்றேன், என் செடி என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். அவர் முகம் வெங்காயத் தோல் நிறத்துக்குப் போனது. செப்டம்பரில் ஒரு வரிசைக்கு மட்டும் மண் அணைக்காமல் விட்டுப் பார்த்தேன், மறுநாள் காலையில் அணைத்துக் கிடந்தது, என்னைவிட ஒழுங்காக, பலகை வைத்துத் தட்டினது மாதிரி. அன்றைக்கு நான் சமையல்கட்டில் தனியாக நின்று அரைமணி நேரம் சிரித்தேன், துல்லியோ. சிரித்து முடித்தபோதுதான் தெரிந்தது, இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று.

இந்த மாதம் செலரிச் சந்தை நாள் வந்தது. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அந்தச் செலரியை நான் மலைமேல் திரேவிச் சந்தைக்குக் கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம். உடம்பு சரியில்லை என்று படுத்திருக்கலாம், கோழிக்குப் போட்டிருக்கலாம். சதுக்கத்தில் அவிழ்த்தால் ரோஜாக் கோடு ஊருக்கே தெரியும் என்று தெரிந்துதான் வண்டியில் ஏற்றினேன். புதுப் பாவாடை கட்டியிருந்தேன், காதில் பெட்டிக்குள் கிடந்த பவழத் தோடும் போட்டிருந்தேன். இதற்குமேல் நீயே யோசித்துக்கொள். சதுக்கத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம், தொத்திறைச்சி சுடும் புகை, நடுவில் பாண்டு வாத்தியம். நம் கரைக்காரர்கள் வழக்கப்படி வைக்கோல் கட்டோடு வரிசையாக நின்று, மணி அடித்ததும் அவிழ்த்தோம். என் கட்டு வெள்ளை வெளேரென்று, என் முழங்கை தடிமனில் வந்து விழுந்தது. பக்கத்துக் கடை பால்மீரா முதலில் தடிமனைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள், பிறகு அடித்தண்டைப் பார்த்தாள். ஒரு தண்டை உடைத்துக் கடித்தாள். கண்ணை மூடினாள். திறந்தபோது அவள் வாயை அடைக்கத் திரேவியில் மூடி கிடையாது. "ஏண்டி எர்சிலியா, இது கஸ்பாரே வீட்டுச் செடி இல்லையே! இது நாஸரேனோ வீட்டுதுல்ல? எப்போ கல்யாணம் கட்டிக்கிட்டீங்க? ஊருக்குச் சொல்லாம எந்தக் கோயில்ல கட்டிக்கிட்டீங்க?" என்று அவள் போட்ட கத்தலில் பாண்டுக்காரன் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டான். பாவம், அவளைக் குறை சொல்ல முடியாது, கல்யாணம் இல்லாமல் விதை வாசல் தாண்டும் என்று வாய்க்கால் கரையில் பிறந்த யாருக்கும் தோன்றாது. வேறு ஊர் என்றால் திருட்டு என்று நினைத்திருப்பார்கள், எங்கள் ஆட்கள் நேரே கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். பங்குச் சாமியார் டோன் உபால்தோ வாய் நிறையத் தொத்திறைச்சியோடு ஓடிவந்து, "ஏம்மா எர்சிலியா, நான் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கவே இல்லையே, இது செல்லாதே" என்கிறார். நாலு பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பாண்டுக்காரன் என்ன நடக்கிறது என்று விசாரிக்காமலே கல்யாணப் பாட்டை ஆரம்பித்துவிட்டான்.

நாஸரேனோ எதிர்ப்பக்கம் தன் அரைக் கட்டு செலரியோடு நின்றுகொண்டிருந்தார். பால்மீரா விடுவாளா, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நடுவில் நிறுத்திவிட்டாள். "ஏன்யா, வாயில என்ன கொழுக்கட்டையா? இது உன் செடியா இல்லையா, சொல்லுய்யா!" அவர் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார், திரும்பக் கழற்றினார். ஆடு தின்றுவிட்டது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் சிரித்துவிட்டுக் கலைந்திருக்கும். அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், எனக்கு வந்தது பயமா ஏமாற்றமா என்று நான் அலசிப் பார்ப்பதற்குள் அவர் பேசிவிட்டார். "செடி என்னுதுதான்" என்றார். "மத்ததை அவங்கதான் சொல்லணும்." மொத்தச் சதுக்கமும் என் பக்கம் திரும்பியது. உனக்குத் தெரியும், உன் அம்மா எதற்கும் பதில் இல்லாமல் நின்றவள் இல்லை. அன்றைக்கு மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் கையிலிருந்த செலரித் தண்டைக் கடித்தேன். அது மொறுக்கென்று முறிந்த சத்தம் அந்த அமைதியில் கோயில் வாசல்வரை கேட்டிருக்கும். எல்லாரும் காத்திருக்கிறார்கள், நான் மென்றுகொண்டிருக்கிறேன், மென்று மென்று அது தீரவே மாட்டேன் என்கிறது. முழுங்கிவிட்டு, "உப்பு பத்தல" என்றேன். அவ்வளவுதான். கைதட்டல், விசில், யாரோ ஒயின் பீப்பாயைத் திறந்து ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். உப்பு போதவில்லை என்பது எந்த ஊரில் சம்மதம் ஆகும், சொல்! நான் கொண்டுபோன செலரி அத்தனையும் அரைமணியில் தீர்ந்துபோனது, கல்யாண வீட்டுச் செலரி என்று ஆளுக்கொரு தண்டு பிய்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் நாஸரேனோ வாசலில் வந்து நின்றார், சவரம் பண்ணி, தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு, பூசைக்குப் போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு. உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. ஆட்டுக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார், வேலி எப்படி உடைந்தது, மார்க்கேசா எத்தனை திருப்தியாகப் படுத்திருந்தது, விடிவதற்குள் எப்படி நாற்றை மாற்றினார் எல்லாம். பிறகு தொப்பியைப் பார்த்துக்கொண்டே, "ஆடு தின்னுச்சுன்னு நேத்தே சொல்லியிருந்தா உங்க பேரு தப்பிச்சிருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மனசு வரலைங்க" என்றார். "எனக்கு ஜூலையிலயே தெரியுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை உனக்கு எழுதிக் காட்ட என்னால் முடியாது. "தெரிஞ்சுமா மலைக்குக் கொண்டுபோனீங்க?" என்றார். "தெரிஞ்சுதான்" என்றேன். இரண்டு பேரும் அறுபது தாண்டியவர்கள், வாசலில் நின்றுகொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி தரையைப் பார்த்துச் சிரித்தோம். அதற்குப் பிறகுதான் அவர் முறையாகக் கேட்டார். எனக்கு உன் முகம் நினைவுக்கு வந்தது. பையனுக்கு எழுதிக் கேட்கவேண்டும் என்றேன். "எழுதுங்க, கடுதாசி போயி வரட்டும். தண்ணிக்கே அத்தனை வருஷம் மல்லுக்கட்டினவன், இதுக்குக் காத்திருக்க மாட்டேனா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உனக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாதா. அப்பா இருந்தவரை ஜென்ம விரோதி, அப்பா போனதும் மாப்பிள்ளையா என்று நினைப்பாய். அப்பாவை மறந்துவிட்டாள் என்றும் நினைப்பாய். மறக்கவில்லை. அவரோடு முப்பத்தோரு வருஷம் சண்டை போட்டிருக்கிறேன், மறக்கிற சண்டையா அது. கல்லறைத் திருநாளுக்குச் சுத்தம் பண்ணப் போனபோது சாமந்திப் பூவை வைத்துவிட்டு விஷயத்தை அவரிடமும் சொன்னேன். பதில் இல்லை. உயிரோடு இருந்தபோதும் மூன்று தரம் கேட்டால்தான் பதில் வரும், அதனால் மறுபடியும் போய்ச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அவர் போன பிறகு நான் துக்கத்தில் வாழ்ந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன், நன்றாகத்தான் வாழ்ந்தேன், தோட்டம், கோழி, பூசை, பால்மீராவின் வாய் என்று பொழுது போனது. ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து கையைக் கழுவின பிறகு, இன்றைக்கு இது நடந்தது என்று சொல்ல ஒரு ஆள் இல்லாமல் இருந்தது. இந்த வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் இருந்தது. அதை இழக்க எனக்கு மனசில்லை, துல்லியோ, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நீ வேண்டாம் என்று எழுதினால் என்ன செய்வது என்று இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, அடைத்த செலரி பண்ணியும் இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள். ஞாபகம் வந்தது, நோரீனுக்குச் சொல், தண்டை வேகவைத்துத் தொத்திறைச்சிக் கறியை உள்ளே அடைத்து நூலால் கட்டி, மாவில் புரட்டி முட்டையில் தோய்த்துப் பொரித்து, பிறகு தக்காளிக் குழம்பும் சீஸும் போட்டு அடுப்பில் வைக்கவேண்டும். நூலை எடுக்க மறக்கக்கூடாது, உன் அப்பா ஒரு தடவை நூலோடு முழுங்கிவிட்டு ஊரைக் கூட்டினார்.

இங்கே எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே மண்வெட்டிச் சத்தம் கேட்டது, பேனாவை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இப்போது மறுபடி எழுதுகிறேன். கையெல்லாம் ஈரம், எழுத்து கலைந்திருந்தால் மன்னித்துக்கொள். முழங்கால் நேற்றே சொன்ன மழை தூறிக்கொண்டிருந்தது, அந்தத் தூறலில் நாஸரேனோ தன் தோட்டத்தில் மடையை ஒட்டின பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தார். அது எந்தப் பாத்தி என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, வாய்க்கால் தண்ணீர் முதலில் நனைக்கிற பாத்தி, உன் அப்பாவும் அவரும் எதற்காக எதிரும் புதிருமாக ஆனார்களோ அந்த இடம். அதில் எப்போதும் அவர் வீட்டுச் செலரிதான் இருக்கும். இந்த நேரத்தில் எதற்குக் கொத்துகிறீர்கள், விதைப்புக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே என்று கேட்டேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "குளிருக்கு முன்னாடி எரு போட்டாத்தானே மக்கும். இது கஸ்பாரே விதைக்குங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெண்டு செடியும் பக்கத்துல பக்கத்துல பூத்தா கலந்துடும், அப்புறம் அது கஸ்பாரே செடியும் இல்ல, என் செடியும் இல்ல. என்னுது அந்தக் கோடிக்குப் போயிக்கட்டும். உங்க பதில் என்னவா இருந்தாலும் இந்த இடம் அதுக்குத்தான். வேண்டாம்னு சொன்னாலும் வந்து விதைச்சுக்குங்க, முதல் தண்ணி அதுக்கே வரட்டும்" என்றார். முகத்தில் வழிந்தது மழையா வேறா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கொத்த ஆரம்பித்துவிட்டார். உன் பதில் வரட்டும் என்று சொல்லிவைத்திருந்தது எல்லாம் அந்த வேலியோடு போயிற்று. "நாஸரேனோ, போதும், உள்ள வாங்க, நனைஞ்சு காய்ச்சல் வந்து படுத்தா கல்யாணத்துக்கு யாரு நிக்கிறது?" என்றேன். அவருக்கு முதலில் காதில் ஏறவில்லை, இரண்டு கொத்து கொத்திவிட்டுத்தான் நின்றார். இப்போது என் அடுப்புப் பக்கத்தில் கால்சட்டை காயக் காய உட்கார்ந்திருக்கிறார், ஈரக் கம்பளி வாசனை வீடு முழுக்க. நான் உனக்கு எழுதுவதை ஓரக்கண்ணால் பார்க்கிறார், படிக்கத் தெரிந்தும் படிக்காத மாதிரி பாவனை.

ஆகவே மகனே, சம்மதம் கேட்டு ஆரம்பித்த கடிதம் அழைப்பாக முடிகிறது, கோபப்பட்டால் பட்டுக்கொள். முதல் ஓலையைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலத்தில் வாசிக்கிறேன் என்று டோன் உபால்தோ சந்தையன்றே சொல்லிவிட்டார், கல்யாணம் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை. உன் தொழிற்சாலை ஜனவரியில் மூடியிருக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய், அதனால் சாக்குச் சொல்ல வழியில்லை. நோரீனுக்கும் குழந்தைக்கும் நல்ல கம்பளிச் சட்டையாக எடுத்துவா, மெல்பர்ன் வெயிலை நம்பி இங்கே வந்து இறங்காதே. செடிக்குத் தண்ணீர்விடப் பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லிவை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் மாப்பிள்ளையைப் பீடம்வரை கைபிடித்துக் கூட்டிப்போவது பெற்ற தாய், பெண்ணை அப்பனோ அண்ணனோ. உன் கல்யாணத்தில் நான் அங்கே இல்லை, யாரோ ஒரு சீமாட்டி உன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற படத்தை அனுப்பியிருந்தாய், அதைப் பார்த்து அழுதேன் என்று இதுவரை உனக்கு எழுதியதில்லை. எனக்கு இப்போது அப்பன் இல்லை, அண்ணன் இல்லை. கோயில் வாசலிலிருந்து பீடம்வரை பெரிய தூரம் ஒன்றுமில்லை, என் முழங்காலே தாங்கும். ஆனால் அந்தத் தூரத்தை உன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க எனக்கு ஆசை. பால்மீரா சந்தையன்றே கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். நீ வராவிட்டால் நான் தனியாகத்தான் நடப்பேன், வேறு யார் கையும் எனக்கு வேண்டாம்.

மாதா உங்கள் மூவரையும் கண்ணிமை போலக் காக்கட்டும், குழந்தைக்குக் கன்னத்தில் என் முத்தம், நோரீனுக்கு என் ஆசீர்வாதம். எந்த நாள் எந்த விமானம் என்று உடனே எழுது, மறக்காதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
உன் அம்மா,
எர்சிலியா